சூசைக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

"அந்த அரிசி மூட்டையை நீதானே கொண்டுபோய்க் கொடுத்தாய்?"

கேட்டவர் கோடைக் கால்பந்துப் பந்தயக் கமிட்டியின் தலைவர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். நாகர்கோவிலில் நாங்கள் பந்தயம் நடத்திய வயலில் போட்டிருந்த ஓலைப் பந்தலுக்குள், ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பிற்பகல் வெயில் ஓலை இடுக்குகள் வழியாக இறங்கி, அவருடைய வழுக்கைத் தலையில் காசு காசாக விழுந்திருந்தது. முந்தின நாள் குடித்துப் போட்ட சோடாக் குப்பிகள் மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றின் வாயில் கட்டெறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு மூன்று முழம் தள்ளி முட்டத்துச் சூசை நின்றான். முந்தின நாள் எங்கள் சங்கத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன். இன்று அவன்மேல் களவுப் பழி.

மூட்டையை நான்தான் கொடுத்தேன் என்று சொன்னால் அவன் தப்பிவிடுவான், கோப்பை கைவிட்டுப் போகும். இல்லை என்று சொன்னால் கோப்பை எங்களிடமே இருக்கும், அவன் கள்ளனாவான்.

மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

"இல்லை சார்" என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, 'உங்களைப் போன்ற நேர்மையானவர்களை இனி எங்கே பார்ப்பது' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ஆகவே இந்த வாரம் இது.

வயலே மைதானம்

முப்பதுகளின் தொடக்கம். அன்று நாங்கள் திருவிதாங்கூர் பிரஜைகள். மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்ததும் நாஞ்சில் நாட்டு வயல்கள் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் நாலைந்து வயலை வரப்பு வெட்டிச் சேர்த்து, மண் அள்ளி வெடிப்பை மூடி, கல்லுருளை உருட்டினால் எங்கள் மைதானம் தயார். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை இறங்கும்வரை, மாலை நாலரை மணியிலிருந்து இருட்டும்வரை, ஊருக்கு அதுதான் கொட்டகை, அதுதான் திருவிழா.

சுற்றிலும் தென்னோலைத் தட்டி. சீட்டு வாங்கியவர்களுக்கு மூன்று தரம்: நாற்காலி, பெஞ்சு, தரை. பெண்களுக்குத் தனியாகப் பனம்பாய் கட்டி மறைத்த ஓர் இடம். சீட்டு வாங்க வழியில்லாதவர்கள் பக்கத்துத் தோப்பில் தென்னை மரங்களில் ஏறிக்கொள்வார்கள். ஒரு வருஷம் கோல் விழுந்ததும் மரத்திலிருந்தபடியே கைதட்டிவிட்டு ஒருவர் கீழே வந்தார். இடுப்பு எலும்பு போயிற்று. அடுத்த வருஷம் கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்து தட்டிக்கு வெளியே வைத்தார்கள். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவரை உள்ளே விட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீட்டு வாங்கவில்லையே!

ஆட்டத்துக்கு முன்னால் கூட்டத்தை உட்கார வைக்க ஏதாவது வேண்டும். கடற்கரைக் கோயில் ஒன்றிலிருந்து பேண்டுக்காரர்கள் வருவார்கள். ஜெபப் பாட்டையே துள்ளலாக வாசிப்பார்கள். ஒரு பயில்வான் நெஞ்சின்மேல் பலகை வைத்து, அதன்மேல் மாட்டுவண்டியை ஓட்டச் சொல்வார். கிராமபோன் பெட்டி பாடும். நுங்கு, அவித்த கடலை, நன்னாரி சர்பத் எல்லாம் விற்கும். புழுதியும் வியர்வையும் நன்னாரி வாசனையும் கலந்து வரும் அந்த நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சந்தோஷமாக இருந்தோமா என்றால், இருந்தோம். அதை மறைப்பானேன்.

என் சங்கத்தின் பெயர் ஒற்றுமைச் சங்கம். இந்தப் பெயரை எழுதும்போது கை கூசுகிறது.

மூன்று பானைகள்

சங்கத்தின் தலைவர் ஒரு வக்கீல். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டு, தோளில் சரிகைக் கரை நேரியல், வெற்றிலை வாய். ஆட்ட விதிகளையெல்லாம் எழுதியவரும் அவரே. அதில் ஒரு விதி: கூலி வாங்கிக்கொண்டு ஆடுகிறவனைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அந்தச் சங்கம் தோற்றதாகக் கொள்ளப்படும். கண்ணியமான மனிதர்கள் கண்ணியமாக ஆடவேண்டிய விளையாட்டு என்பார்.

நான் சங்கத்தின் காரியதரிசி. ஆட்டத்தில் வலது பேக். என் அப்பா மிஷன் சபையில் உபதேசியார். மெட்ரிக்குலேஷன் தேறிவிட்டு வேலை கிடைக்காமல் மூன்று வருஷமாக வீட்டில் இருந்தேன். வக்கீல் மனது வைத்தால் ஏதாவது ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்று அப்பா தினமும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்வார். வக்கீலின் பெயரை ஆண்டவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பார்.

மைதானத்தின் ஓரத்தில் மூன்று தண்ணீர்ப் பானைகள் இருக்கும். முதல் பானையில் யார் குடிக்கலாம், இரண்டாவதில் யார் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது பானைக்குப் பக்கத்தில் செம்பு இராது, சிரட்டைதான் இருக்கும். எங்கள் சபையில் 'எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள்' என்று ஞாயிறுதோறும் பாடினோம். திங்கட்கிழமை பானை மாறவில்லை. இரண்டாவது பானையில் குடிக்கும் உரிமைக்காக எங்கள் தாத்தாக்கள் பட்ட பாடு பெரிய கதை. அந்தப் பாட்டை மறக்காத நாங்கள் மூன்றாவது பானையை மட்டும் வசதியாக மறந்துபோனோம்.

முட்டத்துப் பாறை

சூசையை எங்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு கல்யாணம். முட்டத்தில் யாரோ ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கலங்கரை விளக்குக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் ஒருவன் தனியாகப் பந்து அடித்துக்கொண்டிருந்தான். பாறையில் அடிப்பான். அது கோணல்மாணலாகத் திரும்பி வரும். விழுவதற்குள் ஓடிப்போய்த் திரும்ப அடிப்பான். மணலில் ஓடுகிற ஓட்டம் மாதிரியே இல்லை. கால் புதையவே இல்லை.

"நம்ம ஊருக்கு வந்து ஆடுதியா?" என்று கேட்டேன்.

"எனக்கு வள்ளம் எறக்காண்டாமா?" என்றான். இருபத்தைந்து வயதிருக்கும். கட்டுமரத்தில் மீன் பிடிப்பது தவிர வேறு தொழில் தெரியாது. மனைவி திரேசம்மை, ஒரு கைக்குழந்தை. கடலுக்குப் போகாத நாள் அடுப்பு எரியாது.

வக்கீலிடம் சொன்னேன். மறுநாளே அவர் தன் வீட்டுத் தானியப் பத்தாயத்திலிருந்து ஒரு மூட்டை அரிசி எடுத்துக் கொடுத்தார். மூட்டையில் அவர் வீட்டு முத்திரை நீல மையில் குத்தியிருந்தது.

"இது கூலி இல்லடே, கேட்டியா? அவனுக்க பிள்ளை பட்டினி கெடக்கப்பிடாது. தர்மம். நீயே கொண்டு போ. வேற ஆருக்கும் தெரியாண்டாம்" என்றார்.

வண்டி பிடித்துக் கொண்டுபோனேன். பத்து மைல். திரேசம்மை மூட்டையைப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"பந்து அடிக்கதுக்கா அரிசி தருவாவ? இது என்ன கூத்து!" என்று சிரித்தாள். அந்த வீட்டில் அன்று எனக்குக் கஞ்சியும் சுட்ட சாளை மீனும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. திரும்பி வந்து நண்பர்களிடம், "அங்க எப்படிடே திங்கிறது, நாத்தம்" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தோம்.

மூன்று கோடை சூசை எங்களுக்காக ஆடினான். ஆட்டம் உள்ள நாளில் விடியும் முன்னே புறப்பட்டு நடந்தே வருவான். வக்கீல் வீட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவான். ஆட்டத்துக்கு நடுவில் தண்ணீர் கேட்டால் நான்தான் ஊற்றுவேன். சிரட்டையில்கூட இல்லை. அவன் குனிந்து கையை ஏந்துவான், நான் எட்ட நின்று ஊற்றுவேன். "கொஞ்சம் மெல்ல ஊத்து மக்கா, மூக்குல போவுது" என்பான். அவனுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியுமே.

இறுதி ஆட்டம்

மூன்றாவது கோடையில் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் அணியும் நாங்களும் இறுதிக்கு வந்தோம். அவர்களில் பாதிப் பேர் பூட்ஸ் போட்டவர்கள். தோட்டத்து மானேஜர் துரை நாற்காலி வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தின் வழக்குகளையெல்லாம் நடத்தியவர் எங்கள் வக்கீல். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை முட்டத்துக்குப் போய்ச் சூசையைத் தங்கள் அணிக்குக் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் நிரந்தர வேலை தருவதாகவும் சொல்லியிருக்கிறார். சூசை மறுத்துவிட்டான். "எனக்க ஆளுவ நாவர்கோயில்ல இருக்காவ" என்றானாம். அதை எங்களிடம் வந்து சொன்னபோது, பெரிய தியாகம் செய்தவன் போல இல்லை, சாதாரணமாகச் சொன்னான். ஆனால் கணக்கப்பிள்ளை வெறுங்கையோடு திரும்பவில்லை. குடிசை மூலையில் கிடந்த, நீல முத்திரை குத்திய அந்தப் பழைய அரிசிச் சாக்கைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

ஆட்டம் பாதி தாண்டியும் கோல் இல்லை. என் பக்கத்து ஆள் பூட்ஸ் காலால் மிதித்து என் பெருவிரல் நகம் பெயர்ந்திருந்தது. வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது நான் அடித்த பந்து கோணலாக உயரே போயிற்று. மோசமான அடி. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். சூசை ஓடிப்போய் அதை நெஞ்சில் வாங்கி, தரையில் விழவிடாமல் திரும்பி, இடது காலால் தாழ அடித்தான். கோல்காரன் அசையக்கூட இல்லை. வலை நடுங்குவதைப் பார்த்த பிறகுதான் கூட்டத்துக்கே புரிந்தது.

குடைகள் பறந்தன. பனம்பாய்க்கு அந்தப் பக்கம் பெண்கள் குரவையிட்டார்கள். பேண்டுக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டு வாசித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் சூசையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். "சூசை! சூசை!" என்று ஊரே கூவியது. அவன் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

அவனைத் தூக்கியவர்களில் இரண்டு பேர், இறக்கிவிட்ட கையோடு குளத்துக்குப் போய் முழுக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். பார்த்தேன். ஈரத் தலையோடுதான் அவர்கள் தேநீர் விருந்துக்கு வந்தார்கள்.

விருந்து பந்தலுக்குள் இரண்டு அணிக்கும் சேர்த்து. ரொட்டி, மட்டி வாழைப்பழம், தேநீர். சூசைக்குப் பந்தலின் பின்பக்கம் இலையில் வைத்துக் கொடுத்தோம். "எனக்குப் பசியில்ல மக்கா. பிள்ளைக்குக் கொண்டு போறேன்" என்று பழத்தை மட்டும் துண்டில் முடிந்துகொண்டான்.

உள்ளே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுந்து, ஒற்றுமைச் சங்கம் கூலிக்கு ஆள் வைத்து ஆடியது, அரிசிச் சாக்கை நான் கண்ணால் கண்டேன், கோப்பை எங்களுக்கு உரியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் விசாரிப்பதாகக் கமிட்டித் தலைவர் அறிவித்தார். வக்கீல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

வக்கீல் வீட்டுக் காலை

காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனபோது சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"இரிடே பொன்னையா. சாக்கு நம்ம வீட்டுச் சாக்குதான். அத மறுக்க முடியாது. நாம குடுத்தோம்னா கோப்பை போச்சு, என் பேரும் போச்சு. விதிய எழுதினவனே விதிய மீறினான்னு ஊரு சிரிக்கும். கேட்டியா?"

"ஆமா சார்."

"அவன் நம்ம தொழுவத்துப் பக்கம் வந்து இருப்பாம்லா? அங்கேருந்து பத்தாயம் எம்புட்டுத் தூரம்?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அவன் எடுக்கலியே சார். நான்தானே கொண்டுபோய்..."

"நீ கொண்டு போனத ஆரு கண்டா?"

"வண்டிக்காரன்..."

"வண்டிக்காரன் என் நெலத்துக் குடியான்."

கத்தியைத் துடைத்து வைத்தார். "போலீசு கீலீசு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கிடுதேன். அவன் கடக்கரைக்குப் போயிட்டா மறந்துபோயிருவான். அவனுக்கு என்ன, பேரா பெருமையா? ஒனக்குத்தான் வாழ்க்கை கெடக்கு. கோர்ட்டுல ஒரு எடம் காலியாவுது. நேத்துதான் சிரஸ்தார்கிட்டப் பேசினேன்."

பசியால் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் பசி இல்லை. இரண்டு வேளை சோறும் ஒரு வேளை கஞ்சியும் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது கோட்டு. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போகிறவன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பந்தலுக்குள்

"இல்லை சார்" என்று நான் சொன்னதும் தலைவர் சூசையின் பக்கம் திரும்பினார். சூசை முதலில் என் பதில் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தான் போல. அரை அடி முன்னால் வந்தான்.

"ஏலே பொன்னையா, நீதானே வண்டியில கொண்டு வந்தே? எனக்க வீட்டுல இருந்து கஞ்சி குடிச்சியே. சாளை இன்னொண்ணு தான்னு திரேசம்மைகிட்டக் கேட்டியே மக்கா."

யாரோ சிரித்தார்கள். உபதேசியார் மகன் முட்டத்துக் குடிசையில் கஞ்சி குடித்தானாம், சாளை கேட்டு வாங்கித் தின்றானாம். அந்தச் சிரிப்பு என் காதில் விழுந்ததும், இருந்த கொஞ்ச இரக்கமும் போயிற்று. எனக்கு அவமானமாக இருந்தது. அவன்மேல் கோபம் வந்தது.

"நான் இவன் வீட்டுப் படி ஏறினதில்லை சார். இவன் வீட்டுத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்றேன். இதைச் சொல்லும்படி வக்கீல் சொல்லித் தரவில்லை. இது என் சொந்தச் சரக்கு.

தலைவர் சூசையிடம் இரண்டு முறை, "உனக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டார். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கடலில் திசை தப்பியவன் கரையைத் தேடுவது போலப் பார்த்தான்.

சூசை அரிசியைக் களவாண்டான், சங்கம் கூலி கொடுக்கவில்லை, கோப்பை ஒற்றுமைச் சங்கத்துக்கே என்று தீர்ப்பாயிற்று. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும் அது போதுமானதாக இருந்தது. தன் வலையில் விழாத மீன் யார் வலையிலும் இல்லை அல்லவா? வக்கீல் மானேஜர் துரையின் கையைக் குலுக்கினார்.

தட்டிக்கு வெளியே கூட்டம் நின்றது. முந்தின நாள் கூவிய அதே வாய்கள். "கள்ளன்! அரிசிக்கள்ளன்!" யாரோ மண்ணாங்கட்டி எறிந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றிருந்தார்கள். நான் வக்கீலைப் பார்த்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

சூசையை ஸ்டேஷனில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். முட்டத்துப் பங்குச் சாமியார் வந்து மன்றாடிய பிறகு விட்டார்கள். உள்ளங்காலில் அடித்திருந்தார்கள். இரண்டு பேர் தோள் கொடுத்து வண்டியில் ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

அப்பாவிடம்

அந்த வாரம் முழுவதும் தூக்கமில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அன்று பிரசங்கம் செய்தது பேதுரு மறுதலித்ததைப் பற்றி. அதனால் அவருக்குப் புரியும் என்று நினைத்தேன்.

வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேலை உத்தரவு வந்திற்றா?" என்று கேட்டார்.

"வந்திற்று அப்பா."

"அப்போ இத இன்னொருத்தர்கிட்டச் சொல்லாத. ஆண்டவர்கிட்டச் சொல்லு, போதும். அவர் ஆர்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டார்."

என் அப்பா கெட்டவர் அல்ல. ஊர் அவரை நல்லவர் என்றே அடக்கம் செய்தது. எனக்கு மட்டும் அன்றிலிருந்து அவருடைய பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை.

கோர்ட்டில் எனக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களுக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுப்பது. 'நான் சொல்வதெல்லாம் உண்மை' என்று நான் முதலில் சொல்ல வேண்டும். சாட்சி என்னைப் பார்த்து அதைத் திருப்பிச் சொல்வார். முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் சொன்னேன். ஒரு நாளாவது நாக்கு குழறியிருக்குமா என்றால், இல்லை. மனிதனுக்கு எதுவும் பழகிப்போகும்.

கோடைப் பந்தயம் மேலும் சில வருஷம் நடந்தது. ஒற்றுமைச் சங்கம் அதற்குப் பிறகு ஒரு கோப்பையும் வாங்கவில்லை.

தெரியாதவர்கள்

முட்டத்துக்கு ஒரே ஒருமுறை போனேன். வக்கீல் இறந்த பிறகு. அவர் இருக்கும்வரை போகத் துணிவில்லை என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

சூசை மணலில் கால் நீட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. கட்டுமரத்தில் நின்று துடுப்பால் துழாவ முடியாமல், கரை வேலைதான் செய்கிறான் என்று வழியிலேயே சொல்லியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டான். எழுந்திருக்கவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. திரேசம்மை குடிசை வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

"சூசை, நான் அண்ணைக்குப் பொய் சொன்னேன்" என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம். அதைத் தொடர்ந்து இன்னும் பத்து வாக்கியம் வைத்திருந்தேன்.

அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சவன்கிட்ட வந்து என்னத்துக்குப் பறையுத? தெரியாதவிய ஊரெல்லாம் இருக்காவ. அவியகிட்டப் போய்ப் பறை."

மற்ற பத்து வாக்கியத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று. சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்திருந்தால் அதைக் கண்டிருப்பான்.

சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கோர்ட்டுக்குப் போனேன். கமிட்டித் தலைவர் பிறகும் பல வருஷம் இருந்தார். அவர் வீட்டைத் தாண்டித்தான் தினமும் நடப்பேன். அவர் இறந்தபோது மாலை வாங்கிக்கொண்டு போனேன். அந்தப் பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொரு சாவு வீட்டிலிருந்தும் கொஞ்சம் நிம்மதியோடு திரும்பி வந்தேன். இனி சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் குறைந்தார் என்ற நிம்மதி.

போன மழைக்காலத்தில் எங்கள் வாசலுக்கு மீன் கொண்டுவந்த பெண் புதியவள், சின்ன வயது. எந்த ஊர் என்று கேட்டேன். முட்டம் என்றாள். அங்கே சூசை என்று ஒருவர் இருந்தாரே, காலில் கொஞ்சம் ஊனம், இருக்கிறாரா என்று விசாரித்தேன்.

"எந்தச் சூசை? ஊருல பத்து சூசை உண்டும்" என்றாள். யோசித்துவிட்டு, "ஓ, அரிசிக்கள்ளனா? அந்தப் பாட்டா செத்து ரெண்டு வருசமாச்சே" என்றாள்.

"ஏன் அப்படிச் சொல்லுத?"

"அப்படிப் பறஞ்சாத்தான் எல்லாருக்கும் தெரியும். அவிய வீட்டுக்கே அதான் பேரு. ஏன்னு ஆருக்குத் தெரியும்?" அவள் குரலில் ஒரு கெடுதலும் இல்லை. தராசைத் தூக்கிக்கொண்டு, "சாளை எடுக்கட்டா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அவள் போனபிறகு உள்ளேயிருந்து என் மனைவி, "அது ஆரு, அரிசிக்கள்ளன்?" என்று கேட்டாள். என்னோடு வாழ்ந்து எத்தனையோ வருஷமாயிற்று, அவளுக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது.

"ஆரோ" என்றேன்.

இந்தத் தொடரை அவள் ஒரு வாரம் விடாமல் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறாள். இந்த வாரமும் படிப்பாள்.